விசேட தேவையுடைய பிள்ளைகளும் விஞ்ஞான பாடமும்: ஒரு மலையக வகுப்பறையிலிருந்து சில குறிப்புகள்

நான் தமிழ் படித்தவள். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று வெளியேறிய காலத்தில், "நீ ஒருநாள் பிள்ளைகளுக்கு மின்சுற்றும் இதயவறையும் படிப்பிப்பாய்" என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஆள் கிடைக்காதது மலையகத்தில் புதினமான சங்கதியல்ல. அதிபர் நேரசூசியைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், தரம் ஆறு விஞ்ஞானத்தைக் கொஞ்ச நாளைக்கு நீங்க பாருங்களேன்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் நாலு வருடத்தைத் தாண்டிவிட்டது. அன்று தரம் 6இல் இருந்த பிள்ளைகள் இன்று தரம் 10இல் இருக்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து வகுப்பேறி வந்திருக்கிறேன்.

அந்த வகுப்பில் மூன்று பேர் வித்தியாசமானவர்கள். பிறவியிலேயே கண் தெரியாத ஒரு பையன். காது கேளாத ஒரு பெண்பிள்ளை. எழுத்தைச் சேர்த்து வாசிக்க மிகவும் கஷ்டப்படுகிற, எதையும் மெதுவாகவே விளங்கிக்கொள்கிற இன்னொரு பையன். பெயர்களை எழுதவில்லை. அவர்களுடைய பெற்றோர் கொழுந்து எடுப்பவர்கள், கவ்வாத்து வெட்டுபவர்கள், தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவர்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தவணை முழுக்க விஞ்ஞான பாடவேளையில் கண் தெரியாத பையனை விறாந்தையில் உட்காரவைத்தேன். அப்பியாசக் கொப்பிகளை எண்ணி அடுக்கும் வேலையைக் கொடுத்தேன். பாடப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் படம். படத்தைப் பார்க்க முடியாதவன் உள்ளே இருந்து என்ன செய்யப்போகிறான் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்றும் நினைத்தேன். அவனுடைய அம்மாவும் அதைத்தான் சொன்னார்: "இவனுக்குக் கண்ணே தெரியலீங்களே டீச்சர், விஞ்ஞானம் படிச்சு என்னா செய்யப்போறான்? பாட்டு நல்லாப் பாடுறான், அத மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்."

ஜூலை மாத மழைக்காலம். ஹட்டன் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்று காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். அன்று உள்ளே நீர்ச்சக்கரப் பாடம். ஆவியாதல், ஒடுங்கல், மேகம், மழை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து வெளியே வந்தபோது அவன் கேட்டான்: "டீச்சர், மேகம்னா எப்பிடி டீச்சர் இருக்கும்?"

நான் பதில் யோசித்தேன். பஞ்சு மாதிரி, வெள்ளையாக, வானத்தில் என்று வழக்கமாகச் சொல்வதெல்லாம் அவனிடம் செல்லாது. அப்போதுதான் அவனுடைய தலைமயிரைப் பார்த்தேன். சின்னச் சின்ன நீர்த்துளிகள் பூத்திருந்தன. அவன் மேகத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தான். மூடுபனி என்பது நிலத்தைத் தொடுகிற மேகம்தான். அதைப் பார்ப்பதற்குக் கொழும்புக்காரர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதற்குள் நடந்து பாடசாலைக்கு வருகிறார்கள்.

"மகன், நீ இப்ப மேகத்துக்குள்ளதான் இருக்கிற. கைய நீட்டிப் பாரு" என்றேன்.

நீட்டினான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கையைத் தடவிப் பார்த்து, "அப்ப மேகம் ஈரங்களா?" என்றான். உள்ளே அம்புக்குறி வரைந்து கொப்பியில் பிரதி பண்ணிய முப்பத்தைந்து பேரில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கொப்பி அடுக்கும் வேலை நின்றது.

இங்கே ஒரு விஷயம். இப்படியான பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் பாடசாலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செவிப்புலன், பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கான முதல் பாடசாலையை மேரி சாப்மன் என்ற மிசனரிப் பெண்மணி 1912இல் தொடங்கினார். அதுதான் பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. ஆனால் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்ற நிலையில் உள்ள ஒரு தாய், பத்து வயதுப் பிள்ளையைக் கைதடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாரா? வரமாட்டார். பிள்ளை லயத்திலேயே இருக்கும், அல்லது பக்கத்துப் பாடசாலைக்கு வரும். சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது. 2016இல் இலங்கை இது தொடர்பான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிசெய்தது. கட்டாயக் கல்வி வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளை வகுப்புக்குள் வந்துவிடுகிறது. பாடத்துக்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி. விஞ்ஞானத்தில் அது விறாந்தையில் நின்றுவிடுகிறது.

கண் தெரியாத பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏன் கஷ்டம் என்று யோசித்தால், விஞ்ஞானம் கஷ்டமானதல்ல, நாங்கள் அதைக் காட்டும் முறை முழுக்கக் கண்ணை நம்பியிருக்கிறது என்பது விளங்கும். தண்ணீர் கொதிப்பதை எடுத்துக்கொள்வோம். புத்தகம் 100 பாகை செல்சியஸ் என்கிறது. நாங்கள் கொதிக்கவைத்துப் பார்த்தபோது வெப்பமானி 96ஐத் தாண்ட மறுத்தது. பிள்ளைகள் வெப்பமானி பழுது என்றார்கள். பழுதில்லை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரம். வளிமண்டல அமுக்கம் குறைவு, அதனால் கொதிநிலையும் குறைவு. நுவரெலியாவில் இன்னும் இரண்டு பாகை குறையும். இதெல்லாம் வெப்பமானியைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. அவன் என்ன செய்தான்? காதைக் கொடுத்தான். கேத்தல் முதலில் இரையும். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலே வருமுன் குளிர்ந்த தண்ணீரில் உடைகிற சத்தம் அது. தண்ணீர் முழுக்கச் சூடேறியதும் குமிழிகள் உடையாமல் மேலே வந்துவிடும், இரைச்சல் அடங்கும். "சத்தம் அடங்குனாத்தான் டீச்சர் கொதிக்குதுன்னு அர்த்தம். அம்மா தேத்தண்ணி போடுறப்ப எனக்குத் தெரியும்" என்றான். காரணத்தைத் தேடிப் படித்துவிட்டு வந்து சொல்ல எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது.

அமிலம், காரம் பாடத்தில் பாசிச்சாயத்தாளின் நிறம் மாறுவதைக் காட்டுவோம். நிறம் அவனுக்கு எட்டாது. இந்தியாவின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் மணத்தால் காட்டும் காட்டிகள் பற்றி இருக்கிறது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் துணித் துண்டுகளோடு ஒரு பையில் கட்டி இரவு முழுக்க வைத்தால் துணியில் வாடை ஏறும். ஒரு துண்டைத் தேசிக்காய்ச் சாற்றிலும் இன்னொன்றைச் சுண்ணாம்புத் தெளிநீரிலும் போட்டு, தண்ணீரில் அலசி முகரவேண்டும். தேசிக்காய்ச் சாற்றில் போட்டதில் வெங்காய வாடை அப்படியே இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டதில் வாடை போய்விடும். செலவு இல்லை. கண் தெரிந்த பிள்ளைகளும் சண்டை பிடித்துக்கொண்டு முகர்ந்தார்கள். அளப்பதற்கு, ஊசி போடும் சிரிஞ்சின் தண்டில் 5 மில்லிலீற்றருக்கு ஒன்றாகக் கத்தியால் வெட்டு அடையாளம் போட்டேன். விரலால் தடவி எண்ணி அளப்பான். ஊசியைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படம்தான் பெரிய பிரச்சினை. டெய்லர்மார் துணியில் அடையாளம் போடப் பாவிக்கிற பல்லு வைத்த சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. தடித்த தாளுக்கு அடியில் துணியை மடித்து வைத்து அதை உருட்டினால், மறுபக்கத்தில் புள்ளிக்கோடு மேடாக எழும்பும். அப்படி இதயத்தை வரைந்து அவனுக்குக் கொடுத்தேன். மறுபக்கத்தில் எழும்பும் படம் இடம் வலமாக மாறிவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவன் தடவினான். சுவர் தடித்த அறை இடது இதயவறை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, "சரியா இருக்குங்க டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்தவன் புத்தகத்தைப் பார்த்து, "இல்ல டீச்சர், புக்குல மத்தப் பக்கம்" என்றான். வகுப்பில் சத்தம். அவன் அமைதியாகக் கேட்டான்: "புக்குல இருக்கிறது என் நெஞ்சா, எனக்கு எதிர்ல நிக்கிறவரு நெஞ்சா?"

புத்தகத்தில் இருப்பது எதிரில் நிற்பவருடைய நெஞ்சுதான். படத்தின் இடது பக்கத்தில் இருப்பது இதயத்தின் வலது பக்கம். அது ஒரு வழக்கு, அவ்வளவுதான். வழக்கு என்றே தெரியாமல் நாங்கள் எல்லோரும் அதைப் பாடமாக்கியிருக்கிறோம். இப்போது இதயப் படத்தை எந்த வகுப்பில் தொடங்கினாலும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறேன்.

"கண் தெரியாமல் விஞ்ஞானி ஆக முடியுமா" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயரை மட்டும் சொல்வேன். கீராட் வெர்மேய். 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர், மூன்று வயதிலேயே பார்வையை முற்றாக இழந்தவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கடற்சிப்பிகளையும் சங்குகளையும் விரலால் தடவியே ஆராய்ந்தார். நண்டு உடைக்கப் பார்த்து உடைக்க முடியாமல் விட்ட தழும்புகளை ஓட்டில் தடவிக் கண்டு, கோடிக்கணக்கான வருடங்களாக இரைக்கும் வேட்டைக்கும் இடையில் நடந்த போட்டியை எழுதினார்.

இனிக் காது கேளாத பிள்ளையின் கதை. இவளுக்குக் கண் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, ஆகவே சுலபம் என்று நினைத்தேன். உண்மையில் மூன்று பேரிலும் இவளுக்குத்தான் நான் அதிகம் அநியாயம் செய்திருக்கிறேன். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவது என் பழக்கம். நான் திரும்பிய கணத்தில் அவளுக்குப் பாடம் நின்றுவிடும். கொரோனாவுக்குப் பின் பாடசாலை திறந்த நாட்களில் எல்லோர் முகத்திலும் முகக்கவசம். அந்த மாதங்கள் முழுக்க அவளுக்கு வகுப்பே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இங்கேதான் என் தமிழ்ப் பட்டம் உதவிக்கு வந்தது. ஒருநாள் மின்னோட்டம் பற்றிய பாடத்தில் அவள் கொப்பியில் "பின்னோட்டம்" என்று எழுதியிருந்தாள். முதலில் கவனக்குறைவு என்று நினைத்தேன். பிறகு கண்ணாடி முன் நின்று இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். உதட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் பகரமும் மகரமும் இரண்டு உதடும் பொருந்துவதால் பிறக்கின்றன என்று ஒன்றாகவே சொல்லிவைத்திருக்கிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளையின் கொப்பியில் எனக்கு விளங்கியது. பணம், மணம்; படம், மடம்; எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். ககரம், ஙகரம் தொண்டைப் பக்கத்தில் பிறப்பவை, உதட்டில் தெரியவே தெரியாது. சாதாரணப் பேச்சில் சந்தர்ப்பத்தை வைத்து ஊகிக்கலாம். "கடைக்குப் பணம் கொண்டு போ" என்றால் மணத்தைக் கொண்டு போகமாட்டாள். ஆனால் கலைச்சொல் புதிய சொல். அதை ஊகிக்க ஒரு பிடியும் கிடையாது. திணிவு, கனவளவு, அடர்த்தி, ஒடுங்கல் என்று நாங்கள் அடுக்கிக்கொண்டு போகும்போது அவள் வெறும் உதட்டசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஒரு பாடத்தைத் தொடங்குமுன் அன்றைக்குரிய நாலைந்து சொல்லையும் முதலில் எழுதிப்போடுகிறேன். எழுத்தை, பொருளை, செய்கையை அவள் ஒன்றாகப் பார்க்கவேண்டும். வகுப்பு முழுக்கச் சேர்ந்து சில சைகைகளையும் உண்டாக்கினோம். ஆவியாதலுக்கு விரல்களை விரித்து மேலே எழுப்புவது, ஒடுங்கலுக்கு மடக்கிக் கீழே இறக்குவது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: இவை எங்கள் நாலு சுவருக்குள் மட்டும் செல்லும் சைகைகள். இலங்கைச் சைகை மொழி முறையாகத் தெரிந்த ஒருவர் முன்னால் நின்றால் அவள் திகைத்துப்போவாள். அதைக் கற்பிக்க எனக்குத் தெரியாது. கற்பிக்க ஆளும் எங்கள் மலையில் இல்லை.

சொல்லே தேவைப்படாத பாடங்களும் இருக்கின்றன. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன் இப்னுல் ஹைதம் செய்த பரிசோதனையைச் செய்தோம். "கிதாபுல் மனாழிர்" எழுதியவர் என்று அவரை எங்கள் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அவர் செய்ததைச் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி வகுப்பை இருட்டாக்கினோம். மட்டையில் ஒரு சின்னத் துவாரம். ஒரு பக்கம் மூன்று மெழுகுதிரி வரிசையாக, மறுபக்கம் வெள்ளைத் தாள். தாளில் மூன்று ஒளிப்பொட்டு விழுந்தது. அவளைக் கூப்பிட்டு இடது பக்கத்து மெழுகுதிரியைக் கையால் மறைக்கச் சொன்னேன். வலது பக்கத்துப் பொட்டு மறைந்தது. திரும்ப மறைத்தாள், எடுத்தாள். நடு மெழுகுதிரியை மறைத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு நூலை எடுத்து மெழுகுதிரியிலிருந்து துவாரம் வழியாகப் பொட்டு வரைக்கும் இழுத்துப் பிடித்து என்னைப் பார்த்தாள். அன்று நான் ஒரு வசனமும் பேசவில்லை.

மூன்றாமவன், மெதுவாகக் கற்கும் பையன், எழுத்து வழியாக எதையும் கற்கமாட்டான். ஆனால் அவனுடைய தாத்தா ஸ்டோரில் வேலை செய்தவர். கொழுந்து வந்ததும் வாட்டுவது, உருட்டுவது, பரப்பி வைப்பது, சூட்டில் காயவைப்பது என்று வரிசை தவறாமல் சொல்லுவான். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பதும் அவனுக்குத் தெரியும். மற்ற மூன்றரைக் கிலோ எங்கே போனது என்று கேட்டேன். யோசித்து மறுநாள் வந்து, "தண்ணியா போயிருச்சுங்களா?" என்றான். ஆவியாதல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கொழுந்தைக் கொண்டுவந்து வகுப்பிலேயே செய்தோம். ஒரு இரவு வாடவிட்டு, உள்ளங்கையில் வைத்து நன்றாக உருட்டி, ஈரத்துணியால் மூடிவைத்தால் இரண்டு மணி நேரத்தில் செம்பு நிறமாகும். இதைத் தோட்டத்தில் புளிக்கவைப்பது என்கிறார்கள், பழைய புத்தகங்களில் நொதித்தல் என்றும் இருக்கிறது. உண்மையில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அல்ல அது. இலை நசிந்ததும் அதிலுள்ள நொதியம் வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து நடத்தும் ஒட்சியேற்றம். நிறம் மாறியதைப் பெண்பிள்ளை முதலில் கண்டாள். பச்சை வாடை போய்ப் பழ வாடை வந்ததைக் கண் தெரியாத பையன் அதற்கு முன்னமே சொல்லிவிட்டான். ஸ்டோரில் டீமேக்கரும் மூக்கை வைத்துத்தான் பதம் பார்க்கிறார். பிறகு சாயத்தை ஊற்றித் தேசிக்காய் பிழிந்தோம், சாயம் வெளிறியது. அப்பச்சோடா போட்டோம், கறுத்தது. தேயிலையும் ஒரு காட்டிதான்.

மின்சுற்றுப் பாடம் நடந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். டோர்ச் மின்கலம் இரண்டு, ஒரு சின்ன மின்குமிழ், உடைந்த விளையாட்டுச் சாமானிலிருந்து கழற்றிய ஒரு ஒலிப்பான். மின்குமிழ் பெண்பிள்ளைக்கு, ஒலிப்பான் பையனுக்கு என்பது என் திட்டம். மெதுவாகக் கற்கும் பையன் வயர் பிடித்தான். அவனுக்குக் கைவேலை நன்றாக வரும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தொடுத்தான். ஒலிப்பான் கீச்சென்றது. கண் தெரியாதவன், "ஓடுது டீச்சர், ஓடுது!" என்று கத்தினான். பெண்பிள்ளை மின்குமிழைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எரியவில்லை. ஓடவில்லை என்று கையால் காட்டினாள்.

இவன் சொல்வது அவளுக்குக் கேட்காது, அவள் காட்டுவது இவனுக்குத் தெரியாது. நடுவில் வயர் பிடித்தவன் அங்கும் இங்கும் திரும்பி, "அவ ஓடலேங்கிறா", "இவன் ஓடுதுங்கிறான்" என்று தூது போனான். பெண்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. தான் காட்டுவதை யாரும் நம்பவில்லை என்று நினைத்து எழும்பிப் போய்ப் பின் வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் யார் சரி என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை. அன்று பாடம் அப்படியே குழம்பி முடிந்தது.

இரவு வீட்டில் ஹட்டன் டவுனிலுள்ள ஒரு விஞ்ஞான ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். இரண்டு பேரும் சரி என்றார். ஒலிப்பானின் தடை அதிகம், அதற்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். தொடராகத் தொடுத்தால் அந்தச் சிறிய ஓட்டம்தான் மின்குமிழுக்கும் போகும், அது இழையைச் சூடாக்கிச் சுடரவைக்கக் காணாது. மறுநாள் இரண்டையும் சமாந்தரமாகத் தொடுத்தோம். கீச்சென்றது, எரிந்தது. பெண்பிள்ளையை முன்னால் கூப்பிட்டு ஒலிப்பானில் விரலை வைக்கச் சொன்னேன், அதிர்வு தெரிந்தது. பையனின் விரலை மின்குமிழின் கண்ணாடி மேல் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் இளஞ்சூடு ஏறியது. தொடர், சமாந்தரம் என்ற இரண்டு சொல்லையும் அந்த வகுப்பில் யாரும் மறக்கவில்லை.

சக ஆசிரியர்கள் சொல்லும் ஆட்சேபனையை நான் அலட்சியம் செய்யவில்லை. "மூன்று பேருக்காக முப்பத்தைந்து பேரின் பாடத்திட்டம் பின்தங்குகிறதே" என்கிறார்கள். பின்தங்குகிறதுதான். ஒரு அலகை முடிக்க எனக்கு மற்றவர்களைவிட நாட்கள் கூடுதலாக ஆகின்றன. ஆனால் வெங்காயத் துணியும் கேத்தல் சத்தமும் அந்த முப்பத்தைந்து பேருக்கும் சேர்த்துத்தான். தோட்டப் பிள்ளைகளில் பலருக்குப் புத்தகத் தமிழே ஓர் அந்நிய மொழி. சொல்லைப் பொருளோடு காட்டுவது அவர்களுக்கும் தேவை.

பரீட்சைதான் தாண்ட முடியாத மலை. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கட்டாய பாடம். முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினா, அவற்றில் பல வரைபடத்தையும் வரிப்படத்தையும் நம்பியவை. முன்கூட்டி விண்ணப்பித்தால் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் தருகிறது. வாசித்து எழுதுபவரையும் பெறலாம். ஆனால் படத்தை வாயால் சொல்வது தனிக்கலை. "படத்தில் காட்டியவாறு" என்று மட்டும் வாசித்தால் பிள்ளை எதைப் பிடிக்கும்? என் தமிழ் வகுப்பு மாணவர்களுக்கு இப்போது ஒரு பயிற்சி கொடுக்கிறேன்: ஒரு வரிப்படத்தை, பார்க்காத ஒருவர் கீற முடிகிற மாதிரி ஐந்து வசனத்தில் எழுதவேண்டும். சுருக்கம், கட்டுரை எழுதுவதைவிட இது கடினம் என்று முறைப்பாடு. இருக்கட்டும்.

எங்கள் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. என் வாப்பா ஹட்டன் டவுனில் சாமான் கடை வைத்திருந்தவர். தோட்டத்துச் சனங்களின் கடன் கொப்பியில்தான் நாங்கள் படித்தோம். எங்கள் வீடுகளிலும் இப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸதகாவும் துஆவும் நிறையக் கிடைக்கின்றன, பாடசாலைக் கொப்பி கிடைப்பதில்லை. சூரா அபஸ இறங்கிய சந்தர்ப்பத்தை எல்லோரும் பயானில் கேட்டிருப்போம். பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அன்று நபியவர்களிடம் (ஸல்) உதவி கேட்டு வரவில்லை. கற்றுத்தாருங்கள் என்று வந்தார். அந்த வசனங்களை ஓதும்போது விறாந்தையில் கொப்பி அடுக்கிய பையன் எனக்கு நினைவுக்கு வருகிறான்.

பெண்பிள்ளை இந்தத் தவணையில் ஏழு வாரம் வரவில்லை. லயத்துக்குப் போனேன். வீட்டில் கைக்குழந்தை, பிள்ளை மடுவத்தில் இடம் கிடைக்கவில்லை, பார்க்க ஆளில்லை. "கேக்காத புள்ளைதானே டீச்சர், வீட்டுல இருந்தா ஒத்தாசையா இருக்கும்" என்றார் பாட்டி. இரண்டாம் முறையும் போய்ப் பேசினேன். இப்போது கிழமைக்கு மூன்று நாள் வருகிறாள். வராத நாட்களின் பாடத்தை அவளுக்கு யார் எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் வழி இல்லை. மெதுவாகக் கற்பவன் சாதாரண தரம் சித்தியடைவான் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் யாருடைய வீட்டிலாவது டோர்ச் லைட் பழுதென்றால் அவனிடம்தான் கொண்டு வருகிறார்கள்.

போன மாதம் ஒளி அலகு. வானவில்லில் வந்து நின்றோம். பிறவியிலேயே நிறத்தைக் காணாதவனுக்கு ஏழு நிறத்தை எப்படிச் சொல்வது? பல நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் சங்கீத அறையிலிருந்து ஆர்மோனியத்தைத் தூக்கிவரச் செய்து, ஒளியும் ஓர் அலை, அலைக்கு மீடிறன் உண்டு, சிவப்பிலிருந்து ஊதா வரைக்கும் அது ஏறிக்கொண்டே போகும், கட்டைகளை வரிசையாக அழுத்துவதுபோல என்று சொல்லி அழுத்திக் காட்டினேன். ஒளியும் ஒலியும் ஒன்றல்ல, இது ஒரு ஒப்புவமைதான் என்றும் சொன்னேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப டீச்சர், ஊதாதான் மேல் ஸ்தாயியா? அதுக்கு மேலயும் கட்டை இருக்குங்களா?" என்றான்.

இருக்கிறது. அடுத்த கிழமை அதைத்தான் எடுக்கப்போகிறோம்.